அம்மா பரலோகத்தில் இருக்கிறார் என்றால், உயிர்த்தெழுதல் எதற்கு?

உங்கள் கேள்வியை முதலில் எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அம்மா இறந்து ஏழு மாதம் ஆகிறது. இறுதி ஆராதனைக்கு வந்த எல்லோரும் "பரலோகத்தில் நிம்மதியாக இருக்கிறார்" என்று ஆறுதல் சொன்னார்கள். அப்படியானால், "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்று விசுவாச அறிக்கையில் நாம் ஏன் சொல்கிறோம்? உடலை எரித்துவிட்டோம், இனி எது எழும்? முடிவே இல்லாத வாழ்வு ஒரு கட்டத்தில் சலித்துப் போகாதா? கடைசி வரியில், தயங்கித் தயங்கி, இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: "அம்மாவுக்கு என்னைத் தெரியுமா?"

வேதாகமத்தைப் பல வருடம் படித்தும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தும் வந்தவன் நான். அதைவிட முக்கியமாக, என் அப்பாவை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்பியவன். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் தவறானது இல்லை, ஆனால் அது பாதிதான். கூட்டைத் தனியே விட்டுவிட்டுப் பறவை பறந்துபோவதைப் போன்றதுதான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்று நம் மொழியில் வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். கிரேக்கர்களிடமும் இதற்கு நெருக்கமான எண்ணம் இருந்தது. அவர்களுடைய மொழியில் உடல் 'சோமா', கல்லறை 'சேமா'. இரண்டு சொற்களும் ஒலியில் நெருங்கி வருவதைக் காட்டி, உடல்தான் ஆத்துமாவின் கல்லறை என்பார்கள். மரணம் அவர்களுக்கு விடுதலை. அதனால்தான் ஏதென்ஸ் நகரத்தில் அப்போஸ்தலர் பவுல் பேசியபோது, மரித்தோர் எழுவதைப் பற்றிச் சொன்ன இடத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். செத்துப் போனதே நல்லது என்று நினைக்கிறவர்களிடம் அந்த உடலே திரும்பி எழும் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

வேதாகமம் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. மனிதன் உடலில் மாட்டிக்கொண்ட ஆத்துமா என்று அது எங்கும் தொடங்கவில்லை. மண்ணும் சுவாசமும் சேர்ந்த முழு ஆளாகத்தான் ஆதியாகமம் அவனைக் காட்டுகிறது. ஆகவே பழைய இஸ்ரவேலருக்கு மரணம் விடுதலையாகத் தெரியவே இல்லை. "மரணத்தில் உம்மை நினைவுகூருவதில்லை, பாதாளத்தில் உம்மைத் துதிப்பவன் யார்?" என்று ஆறாம் சங்கீதத்தைப் பாடியவர் கேட்கிறார். பக்தியுள்ள மனிதர்தான் இப்படிக் கேட்கிறார். மரணத்தைப் பூசி மெழுகாமல் இழப்பை இழப்பு என்றே சொல்லும் இந்தத் துணிவு வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று.

நம்பிக்கை அங்கிருந்து மெதுவாக முளைத்தது. எசேக்கியேல் உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கைப் பார்த்தார். அது முதலில் சிறைப்பட்டுப் போன ஒரு ஜனம் மீண்டும் எழுவதைப் பற்றிய தரிசனம். தானியேல் 12-ஆம் அதிகாரத்தில்தான், பூமியின் தூளிலே நித்திரை செய்கிறவர்கள் விழித்து எழுவார்கள் என்று ஆள் ஆளாகவே பேசப்படுகிறது. சிலர் நித்திய ஜீவனுக்கு, சிலர் நிந்தைக்கு. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் வேதாகமங்களில் உள்ள மக்கபேயரின் இரண்டாம் நூலில், தாயின் கண்முன்னே சித்திரவதை செய்து கொல்லப்பட்ட ஏழு சகோதரர்கள் வருகிறார்கள். அவர்களில் மூன்றாமவன் நாக்கையும் கைகளையும் நீட்டி, இவற்றை விண்ணகத்திலிருந்து பெற்றேன், அவரிடமிருந்தே திரும்பப் பெறுவேன் என்கிறான். அவன் கேட்பது கையை. வெறும் ஆத்துமாவின் நிம்மதி அவனுக்குப் போதவில்லை. அநியாயமாகப் பறிக்கப்பட்டதைக் கடவுள் திருப்பிக் கொடுக்காவிட்டால் கொடுங்கோலன் வென்றதாகத்தானே ஆகும்? உயிர்த்தெழுதலும் நியாயத்தீர்ப்பும் வேதத்தில் எப்போதும் ஒன்றாகவே வருவதற்குக் காரணம் இதுதான்.

இயேசுவின் காலத்தில் இது யூதர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. பரிசேயர் என்ற பிரிவினர் நம்பினார்கள், சதுசேயர் என்ற பிரிவினர் மறுத்தார்கள். ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த ஒரு பெண்ணைப் பற்றிய புதிரைச் சதுசேயர் இயேசுவிடம் கொண்டுவந்தபோது, அவர் ஆத்துமாவின் தன்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எரிகிற முட்செடியில் மோசேயிடம் "நான் ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்" என்று கடவுள் சொன்னதை எடுத்துக் காட்டி, அவர் மரித்தோருக்குத் தேவனாயிராமல் ஜீவனுள்ளோருக்குத் தேவனாயிருக்கிறார் என்றார்.

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். நமக்குள் சாகாத ஏதோ ஒன்று இருப்பதால் நாம் பிழைத்துக்கொள்வோம் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் ஒருவரோடு உறவு வைத்துவிட்டால், அந்த உறவை மரணம் அறுப்பதற்கு அவர் விடமாட்டார். ஆபிரகாம் செத்துப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகும், அவனுடைய பெயரைச் சொல்லித்தான் கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கையின் முழுப் பாரமும் அங்கேதான் நிற்கிறது, நம்முடைய உறுதியின் மேல் இல்லை. உங்கள் அம்மாவின் கடைசி வாரங்களில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது, ஜெபம்கூடச் சொல்ல முடியவில்லை என்று வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். அவருடைய நினைவு தப்பியதால், அவரைப் பற்றிய கடவுளின் நினைவு தப்பிவிடவில்லை.

சரி, உயிர்த்தெழுதல் என்றால் என்ன? இங்கே லாசருவையும் இயேசுவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் சொல்வேன். லாசரு இறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. இயேசு கூப்பிட்டதும் வெளியே வந்தான், ஆனால் பிரேதச் சீலைகளால் கைகால் கட்டுண்டபடியே வந்தான். யாரோ வந்து அவிழ்த்துவிட வேண்டியிருந்தது. அவனுக்குக் கிடைத்தது பழைய வாழ்வின் நீட்டிப்பு, அவன் மறுபடியும் ஒருநாள் செத்திருப்பான். இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் கிடந்தன, தலையைச் சுற்றியிருந்த துணி தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. யோவான் இந்தத் துணிக் கணக்கை வேலை மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார். இயேசு பழைய வாழ்வுக்குத் திரும்பி வரவில்லை, மரணத்துக்குள் நுழைந்து அதன் அந்தப் பக்கமாக வெளியே போய்விட்டார்.

அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு நமக்கு இருக்கும் ஒரே மாதிரி அவர்தான். அந்தக் கதைகள் விசித்திரமானவை. எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்கள் அவரோடு நெடுந்தூரம் நடந்தும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. கதவுகள் பூட்டியிருந்த வீட்டுக்குள் வந்து நிற்கிறார். ஆவி என்று பயந்தவர்களிடம், தொட்டுப் பாருங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்புகளும் உண்டா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் எதிரிலேயே சாப்பிடுகிறார். தோமாவுக்குக் காயங்களைக் காட்டுகிறார். கட்டிவிட்ட கதையாக இருந்தால் இதைவிட ஒழுங்காக இருந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். கல்லறையிலிருந்து பெண்கள் ஓடிவந்து சொன்னபோது, அந்தப் பேச்சு அப்போஸ்தலர்களுக்கே வீண்பேச்சாகத் தோன்றியது, அவர்கள் நம்பவில்லை என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். யாரும் இதை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. கடைசி நாளில் எல்லோரும் எழுவார்கள் என்று நம்பிய யூதர்கள்கூட, நடுவில் ஒருவர் மட்டும் முன்கூட்டியே எழுவார் என்று நினைக்கவில்லை.

பவுல் இதற்குப் பயன்படுத்தும் சொல் 'முதற்பலன்'. அறுவடையின் முதல் கதிர்க்கட்டு ஆலயத்துக்குப் போய்விட்டது என்றால், வயலில் மீதிப் பயிர் நிற்கிறது, அதுவும் வரும் என்று அர்த்தம். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றித்தான். கி.பி. 55-ஐ ஒட்டி எழுதப்பட்ட கடிதம் அது. சிலுவை நடந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறு பேருக்கு அதிகமானோர் ஒரே சமயத்தில் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொல்வது போலத்தான் அது. கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்றும் ஒப்புக்கொள்கிறார். நல்ல போதனையாவது மிஞ்சும் என்று அவர் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம், கொரிந்தில் ஒருவர் கேட்ட கேள்வியும் உங்களுடையதுதான்: மரித்தோர் எப்படி எழுவார்கள், எப்படிப்பட்ட உடலோடு வருவார்கள்? பவுல் விதையைக் காட்டுகிறார். விதைக்கும்போது வெறும் மணியைத்தான் விதைக்கிறோம், முளைத்து வரும் பயிரை இல்லை. ஆனால் எந்த மணியோ அந்தப் பயிர்தான் வரும். அதே ஆள் என்பதும் உண்மை, அப்படியே பழையபடி இல்லை என்பதும் உண்மை. "அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்." அவர் சொல்லும் 'ஆவிக்குரிய சரீரம்' என்பதைக் காற்றாலான உடல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடவுளின் ஆவியால் முழுக்க உயிரூட்டப்பட்ட உடல் என்பதே அதன் பொருள். அது எந்தப் பொருளால் ஆனது என்பதைவிட எதனால் உயிரோடிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் பேசுகிறது.

எரித்ததைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கி.பி. 177-இல், இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சபையாரும் பக்கத்திலிருந்த வியன் சபையாரும் எழுதிய கடிதத்தை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டு வைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இருக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று கடிதம் சொல்கிறது. அதே சபையைச் சேர்ந்தவர் ஐரேனியு. பின்னர் அங்கேயே ஆயரானார். மாம்சம் இரட்சிப்புக்கு உரியதில்லை என்று போதித்தவர்களை எதிர்த்து, உடலின் உயிர்த்தெழுதலுக்காக அந்தக் காலத்தில் மிக வலுவாக எழுதியவர் இவர்தான். ஒன்றுமில்லாத இடத்தில் எலும்பையும் நரம்பையும் முதன்முதலில் உண்டாக்கியதைவிட, இருந்து கலைந்துபோனதை மறுபடியும் சேர்ப்பதா கடினம் என்பது அவருடைய வாதம். தன் சபையாரின் சாம்பல் ஆற்றோடு போனதை அறிந்திருந்த ஒருவர் இதை எழுதினார் என்பதை மறக்காமல் படித்தால், அந்த வரி வேறு மாதிரி கேட்கும்.

மண்ணில் வைத்த உடலும் சில காலத்தில் மண்தான். கடலில் போனவர்களின் நிலையும் அதுதான். கத்தோலிக்கத் திருச்சபை நீண்ட காலம் எரிப்பதைத் தடுத்திருந்தது, 1963-இல் அனுமதித்தது. அடக்கம் செய்வதையே இன்னும் விரும்பிப் பரிந்துரைக்கிறது, காரணம் உடலுக்குத் தரும் மரியாதை. எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாது என்று எந்தச் சபையும் போதித்ததாக நினைக்காதீர்கள். இந்த விஷயத்தில் நீங்கள் மனச்சாட்சியைப் போட்டு வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

அப்படியானால் அம்மா இப்போது எங்கே? இதில் வேதம் நாம் விரும்பும் அளவுக்கு விவரமாகப் பேசவில்லை. சிலுவையில் தொங்கிய கள்வனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார் இயேசு. பவுல் உயிர் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பதை விரும்புவதாகப் பிலிப்பியருக்கு எழுதினார். அதே நேரத்தில் இறந்தவர்களை 'நித்திரையடைந்தவர்கள்' என்றும் சொல்கிறார். கல்லறைத் தோட்டத்துக்கு ஆதிக் கிறிஸ்தவர்கள் வைத்த கிரேக்கப் பெயரான 'கொய்மெதேரியோன்' என்பதற்கே தூங்கும் இடம் என்றுதான் பொருள். இவற்றை எப்படிப் பொருத்துவது என்று சபைகள் நிறைய வாதாடியிருக்கின்றன. ஒரு போப்பாண்டவரே இதில் சிக்கினார். இறந்த பரிசுத்தவான்கள் கடைசி நாள்வரை கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று 22-ஆம் யோவான் 1331-இல் பிரசங்கிக்கத் தொடங்க, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. சாகும் தறுவாயில் அந்தக் கருத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-இல், சுத்திகரிக்கப்பட்ட ஆத்துமாக்கள் உயிர்த்தெழுதலுக்கு முன்பே கடவுளைக் காண்கின்றன என்று அறிவித்தார். இறந்தபின் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கும் நிலையைப் பற்றிக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒத்துப்போவதில்லை. இறந்தவர்கள் கடைசி நாள்வரை தூங்குகிறார்கள் என்று போதிக்கும் சபைகளும் உண்டு. பெரும்பாலான சபைகள் ஒத்துப்போகும் இடம் இதுதான்: கிறிஸ்துவுக்குள் இறந்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார், ஆனால் அங்கேயும் கதை முடியவில்லை, அவரும் காத்திருக்கிறார். உங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலை நான் பாதி என்றது இதனால்தான். அம்மாவின் இப்போதைய நிம்மதி வழியில் ஓர் இளைப்பாறல், வீடு இன்னும் இருக்கிறது.

அந்த வீட்டைப் பற்றி வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரங்கள் சொல்வதைக் கவனியுங்கள். மனிதர்கள் மேலே ஏறிப் போவதாக அங்கே இல்லை. நகரம் பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறது. புதிய வானமும் புதிய பூமியும். "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார், இனி மரணமுமில்லை." சிருஷ்டி முழுவதும் பிரசவ வேதனைப்படுவதாகப் பவுல் ரோமருக்கு எழுதினார். கடவுள் தாம் படைத்த உலகத்தைக் கழித்துப் போட்டுவிட்டு ஆத்துமாக்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. கண்ணீர் துடைக்கப்பட வேண்டுமானால் கண் இருக்க வேண்டும், கன்னம் இருக்க வேண்டும். எனக்கு அது போதும்.

சலித்துப் போகாதா என்று கேட்டீர்கள். கேட்கத் தகுந்த கேள்விதான், பக்திக் குறைவு ஒன்றும் இல்லை. நாட்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போவதுதான் நித்தியம் என்றால் எனக்கும் பயமாகத்தான் இருக்கும். நம்மிடம் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. புராட்டஸ்டண்டுகள் 'நித்திய ஜீவன்' என்போம், கத்தோலிக்கர் 'நிலைவாழ்வு' என்பார்கள். 'நிலை' என்ற சொல் நீளத்தைவிட உறுதியைச் சொல்வதால் பல சமயம் அதுவே மேல் என்று தோன்றுகிறது. மூல மொழியின் சொல்லும் வரப்போகும் யுகத்துக்குரிய வாழ்வு என்ற தன்மையைக் குறிப்பதுதான். இயேசு அதற்குத் தரும் விளக்கத்தில் கால அளவே இல்லை: "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்." ஒருவரை அறிவது. நீங்கள் அம்மாவோடு இத்தனை வருடம் இருந்தும், அறிந்து முடித்துவிட்டதாக ஒருநாளாவது தோன்றியதா? நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்தின் ஆயர் கிரெகோரி, கடவுள் எல்லையற்றவர், எனவே அவரை நோக்கிய வளர்ச்சிக்கும் எல்லை கிடையாது, ஒவ்வொரு நிறைவும் அடுத்த ஆசைக்குக் கதவைத் திறக்கும் என்று எழுதினார். நிறைவும் தாகமும் ஒன்றாக இருக்கும் வாழ்வு அது.

இதே கிரெகோரியைப் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். கி.பி. 379-ஐ ஒட்டி, அண்ணன் பசிலியு இறந்த துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போனார். அக்காவோ தானே மரணப் படுக்கையில் இருந்தார். அழுத தம்பியை அவர் உடனே தடுக்கவில்லை. தேர்ந்த குதிரைக்காரர் திமிறும் குதிரையைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பிறகு கடிவாளத்தை இழுப்பதைப் போல, சற்று அழவிட்டு அப்புறம்தான் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசத் தொடங்கினார் என்று கிரெகோரியே எழுதுகிறார். சாகப்போகிறவர் பேசுகிறார், ஆயராக இருக்கும் தம்பி கேள்வி கேட்கிறார்.

நம்பிக்கை உள்ளவன் அழக்கூடாது என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான். துக்கிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. இன்னும் சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று மார்த்தாளிடம் அப்போதுதான் சொல்லி முடித்தவர், கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். மரணம் பவுலுக்குக் கடைசிச் சத்துரு, நண்பன் கிடையாது. அதைச் சத்துரு என்று சொல்ல முடிந்தவனுக்கு அழவும் உரிமை உண்டு. அப்பாவை அடக்கம் செய்த அன்று நான் விசுவாச அறிக்கையைச் சொல்லத் தொடங்கி, "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடத்தில் குரல் வராமல் நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்காகவும் சேர்த்துச் சொல்லி முடித்தார்கள்.

கடைசிக் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். கிறிஸ்துவின் உடலில் ஆணித் தழும்புகள் உயிர்த்தெழுந்த பிறகும் இருந்தன. அவர் வாழ்ந்த வாழ்வு அழிக்கப்படவில்லை, மகிமைக்குள் கொண்டுபோகப்பட்டது. இரத்தசாட்சிகளின் காயங்களும் அழகின்மையாக இல்லாமல் மகிமையின் அடையாளமாக ஒருவேளை தெரியும் என்று ஆதிச் சபையின் ஆயர் அகுஸ்தீனு எழுதியதும் இதை ஒட்டித்தான். ஒருவருடைய உடலோடு அவருடைய கதையும் எழும் என்றால், உங்களைப் பெற்று வளர்த்தது அந்தக் கதையின் ஒரு பகுதி. அது கழன்று விழுந்துவிட்டு அம்மா என்று இன்னொருவர் எழுந்து வந்தால், அதற்கு உயிர்த்தெழுதல் என்று பெயரே கிடையாது. நோயில் அவர் உங்களை மறந்துபோயிருந்தாலும் சரி.

கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுத மகதலேனா மரியாளுக்கும், எதிரில் நின்றவர் யாரென்று தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்து, உடலை எங்கே வைத்தீர் சொல்லும், நான் எடுத்துக்கொள்வேன் என்கிறாள். அவர் விளக்கம் எதுவும் தரவில்லை. "மரியாளே" என்றார். அவள் திரும்பினாள்.